ரம்மாரிகோவும் ஒரு சிரிப்புச் சங்கமும்

கந்தசாமி ஒரு முடிவு எடுத்தார்.

அவர் முடிவு எடுப்பது அதிசயமில்லை. எடுத்த முடிவு சாயங்காலம் வரை உயிரோடு இருந்தால்தான் அதிசயம். வழக்கமாக அவர் வாயைத் திறக்கும் முன்பே கோதை வேறொரு முடிவை எடுத்து, தாளித்து, மூடி வைத்திருப்பாள். அதனால் இந்த முறை வாயையே திறப்பதில்லை என்று அதையும் முடிவோடு சேர்த்துக்கொண்டார்.

முடிவு இதுதான். வைகாசியில் மாதவின் திதி வருகிறது. அதற்குள் இத்தாலி மொழி கற்றுக்கொள்ள வேண்டும். கோதைக்குத் தெரியக் கூடாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். மாதவ் அவர்களுடைய ஒரே பையன். இத்தாலியில் பாரி என்ற ஊருக்குப் படிக்கப் போனான். போன இடத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. கந்தசாமி விசாவுக்கு அலைந்தார். விசா வரும் முன்னால் மாதவ் வந்துவிட்டான். பெட்டியில். அனுப்பி வைத்த அதே புனே லோஹேகாவ் விமான நிலையம். வாசல் மட்டும் வேறு.

ஆஸ்பத்திரியில் கடைசி வரை அவன் பக்கத்தில் இருந்தது அசுந்தா என்ற கிழவி. அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு கந்தசாமியின் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அழுதுகொண்டே பேசியது. அவருக்குப் புரிந்தது 'மாதவ்' மட்டும்தான். பதில் போடவில்லை. அப்புறமும் போடவில்லை. போடாத பதில் நாளாக ஆகத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

கோதையிடம் இதை ஏன் சொல்லவில்லை? கோதை அழாததால்தான். பெட்டி வந்த அன்று அழுதாள். அதோடு சரி. அப்புறம் சமைத்தாள், துணி காயப் போட்டாள், காய்காரனிடம் மராத்தியில் சண்டை போட்டாள். கந்தசாமிக்கு அது பயமாக இருந்தது. அடுப்பில் பால் சத்தமில்லாமல் இருந்தால் பொங்கப் போகிறது என்று அர்த்தம். அசுந்தாவின் பெயர் காதில் விழுந்தால் போதும், பொங்கிவிடுவாள். ஆகவே அந்த எண்ணைத் தன் போனில் 'கேஸ் ஏஜென்சி' என்ற பெயரில் ஒளித்து வைத்தார். அவ்வளவு மூளை.

போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் முயன்று பார்த்தார். 'என் மகனைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி' என்று தட்டினார். போன் அதை இத்தாலியில் உரக்கப் படித்தது. ரயில் தாமதமாக வரும் என்று ஸ்டேஷனில் சொல்கிற அதே பெண்ணின் குரல் மாதிரி. கந்தசாமி அணைத்துவிட்டார். பையன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மனுஷக் கை. அதற்கு மெஷினா நன்றி சொல்வது?

கீழ் வீட்டில் சுனில் இருந்தான். ஹோட்டல் வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு இத்தாலி மொழி சொல்லிக்கொடுப்பவன். மராத்திக்காரன். அவன் இந்தியில் பேசுவான். கந்தசாமி இந்தியில் பதில் சொல்லிவிட்டுக் கொங்குத் தமிழில் வருத்தப்படுவார்.

"சாப்பாடு, வழி, விலை, இதெல்லாம் முதலில் பார்க்கலாம் காகா" என்றான் சுனில். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா.

"அதெல்லாம் வேண்டாம். எனக்கு மூணு வாக்கியம் போதும். நன்றி சொல்லோணும். ஆனா கனமா இருக்கோணும்."

"கிராத்ஸியே என்று சொல்லுங்கள். நன்றி. முடிந்தது."

"காய்காரனுக்குச் சொல்ற நன்றியா இது?"

இங்கேதான் கந்தசாமி நம்ம ஊர் ஆள் என்பது தெரிந்தது. செத்த வீட்டு விஷயத்தைப் பேச்சுத் தமிழில் எவனாவது எழுதுவானா? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'செத்துட்டாருங்க' என்றா போடுகிறோம்? 'மீளாத் துயரில் ஆழ்த்தி' என்று போடுகிறோம். அப்படி இத்தாலிக்கும் ஒரு போஸ்டர் மொழி இருக்கத்தானே வேண்டும்? அகராதியைப் புரட்டி, இத்தாலிக்காரர்களே தூசி தட்டிப் பார்க்க வேண்டிய சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினார். இம்பெரிதூரா என்றால் அழியாத. ரம்மாரிகோ என்றால் உள்ளே அரிக்கிற வருத்தம்.

"காகா, இதை இன்றைக்கு யாரும் வாயால் பேசுவதில்லை."

"அப்ப இதுதான் சரி" என்றார் கந்தசாமி.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லையும் துண்டு போட வேண்டும். துண்டுகளில் ஒன்றை மட்டும் அழுத்தி, தூக்கிச் சொல்ல வேண்டும். எதைத் தூக்குவது என்று சொல்லைப் பார்த்தால் தெரியாது. பழக்கத்தில் இருக்கிற சொல் என்றால் காதே சொல்லிக்கொடுத்துவிடும். யாரும் பேசாத சொல்லுக்கு யார் காது சொல்லும்? பெரும்பாலும் கடைசிக்கு முந்தின துண்டுதான் ஏறுமாம். சில சொற்களில் அதற்கும் முந்தியது. அந்த மாதிரிச் சொல்லுக்கு இத்தாலிக்காரர்கள் 'வழுக்குகிற சொல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரம்மாரிகோ அந்த ஜாதி.

கந்தசாமி எல்லாத் துண்டையும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே உயரத்தில் நிறுத்தினார். சுனில் தலையில் கை வைத்தான். விரல் முட்டியால் மேஜையைத் தட்டிப் பழகச் சொன்னான். சாதா துண்டுக்கு மெதுவாக ஒரு தட்டு, தூக்குகிற துண்டுக்கு ஓங்கி ஒரு தட்டு. கந்தசாமி சின்ன வயதில் பஜனையில் தாளம் போட்டவர். கை தன்னால் முதல் தட்டையே ஓங்கியது. ரம்! மாரிகோ. இம்! பெரிதூரா.

"முதலில் இல்லை காகா. ரம்-மா-ரி-கோ. 'மா'வில்."

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வகுப்பிலேயே முதல். இரட்டை எழுத்து. மற்ற பிள்ளைகள் 'ரமாரிகோ' என்று ஒன்றை விழுங்கிவிடுவார்கள். இவருக்கு 'ம்மா' சுத்தமாக விழும்.

"எப்படி காகா இது மட்டும்?"

"அம்மா, அப்பான்னு கூப்பிட்டு வளந்த வாய் தம்பி."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. அவரை அப்பா என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை.

அசுந்தாவின் செய்தியிலிருந்து அவர் ஒரே ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருந்தார். நெஸ்போலோ. மூன்று தரம் வந்தது. ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்திருந்தார். மற்றதை சுனிலுக்குக் கூடப் போட்டுக் காட்டவில்லை. பையனின் சாவை அடுத்தவன் வாயால் கேட்க அவரால் முடியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டார்.

"அது ஒரு பழமரம் காகா. ஆனால் நீங்கள் நெஸ்-போலோ என்று வெட்டுகிறீர்கள். தப்பு. நெ-ஸ்போ-லோ. அந்த 'ஸ்' முன்னால் இருக்கிறதோடு நிற்காது. பின்னால் வருகிறதோடு போய்விடும்."

"பசங்க மாதிரி" என்றார் கந்தசாமி.

வீட்டிலிருந்து தினம் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமே? புனேயில் பார்க்குக்குப் பார்க் சிரிப்புச் சங்கம் இருக்கிறது. வயசானவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்பார்கள். நெஞ்சுக்கு நல்லதாம். 'நானும் சேர்ந்துட்டேன்' என்று கோதையிடம் சொல்லிவிட்டார். இருக்கிற பொய்களில் அவருக்கு அதுதான் கிடைத்தது. தினம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டுவார். லிஃப்டில் கீழே போவார். காவலாளி பார்க்க கேட் வரை நடப்பார். பிறகு படிக்கட்டு வழியாகத் திரும்பி சுனில் வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்.

"வேகாத வெயில்லயா சிரிக்கறாங்க?" என்றாள் கோதை.

"வெயில்ல சிரிச்சாத்தான் நெஞ்சு விரியுமாம்."

"அப்புடீங்களா."

ஒரு வாரம் சும்மா இருந்தாள். எட்டாம் நாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு என்ன சிரிப்புச் சொல்லிக் குடுத்தாங்க?"

"அது... சிங்கச் சிரிப்பு."

"எங்க, சிரிச்சுக் காட்டுங்க."

"இப்பவா? ஷூவைக் கழட்டிக்கறேன் புள்ள."

"சிங்கம் ஷூவோட சிரிக்காதுங்களா? சிரிங்க."

ஹாலில் நின்றார். எதிரே சுவரில் சந்தன மாலை போட்டு மாதவ். கந்தசாமி கையைத் தூக்கினார். நாக்கை நீட்டினார். "ஹா" என்றார். வெயிட் போடாத குக்கர் மாதிரி காற்றுதான் வந்தது. "ஹா ஹா" என்றார். மூன்றாவது 'ஹா' பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாராவது கடைசியாகச் சிரித்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

கோதை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சிரிப்பே இல்லீங்க" என்றாள் கடைசியில். "உங்களுக்கு இன்னும் வரலை. ஒரு நாளும் உடாமப் போங்க. ஒரு மணி நேரம் பத்தாது. சேத்தி இருந்துட்டு வாங்க."

ஏமாந்துட்டா, என்று நினைத்தார் கந்தசாமி. அவருக்கு ஒரு பக்கம் பெருமை. ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

ஆனால் கை அடங்கவில்லையே. சாப்பாட்டு மேஜையில் தட்டினார். பாத்ரூமில் வாளியில் தட்டினார். ரசம் ஊற்றக் காத்திருக்கும்போது தட்டில் தட்டினார்.

"என்னத்துக்குங்க தட்டிக்கிட்டே இருக்கறீங்க? பக்கத்து வூட்டு பார்வதி, 'உங்க வூட்டுல பிளம்பர் வந்திருக்காரா'ன்னு கேக்கறாங்க."

"சங்கத்துப் பயிற்சி. சிரிக்கறதுக்கு முந்தி உடம்பை எழுப்பி உடோணும்."

"ஓ. ரெண்டாவது தட்டை மட்டும் ஏனுங்க ஓங்கித் தட்டறீங்க?"

கந்தசாமிக்குப் புரை ஏறியது. "அது... அங்கதான் நெஞ்சு இருக்குது."

"செரி, செரி. தண்ணி குடிங்க."

திதி வந்தது. காலையில் சாஸ்திரிகள் வந்தார், எள் வாங்கினார், போனார். பிண்டத்தை மொட்டை மாடியில் வைத்தார்கள். விமானப்படை விமானங்கள் பறக்கிற ஊரில் காக்காய் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கடைசியில் ஒன்று வந்து எடுத்தது. கோதை அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்று கீழே போனாள்.

மத்தியானம் கந்தசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். இங்கே மத்தியானம் என்றால் அங்கே காலை.

"இன்னிக்கும் சங்கத்துக்குப் போறீங்களா?"

"இன்னிக்கு இல்ல. நீ படுத்துத் தூங்கு. களைச்சிருப்ப."

"ஆமாங்க. தூக்கமாத்தான் வருது" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால்கனியில் நாற்காலி போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். 'கேஸ் ஏஜென்சி'யை வீடியோவில் கூப்பிட்டார். மணி அடித்தது.

"ப்ரோந்தோ" என்று ஹலோ சொன்னது ஒரு குரல். வெள்ளை முடியை மேலே தூக்கிக் கட்டிய கிழவி. பின்னால் சமையலறை. சன்னலுக்கு வெளியே பெரிய பெரிய இலையாக ஒரு மரம். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. முதல் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜென்-தி-லிஸ்..." என்று ஆரம்பித்தார். பெருமதிப்புக்குரிய அம்மையீர் என்று அர்த்தம்.

தலைக்கு மேல் போர் விமானம் ஒன்று கிளம்பியது. 'லிஸ்' அதோடு போய்விட்டது. கிழவி காதில் கை வைத்தாள். கந்தசாமி காத்திருந்தார். மறுபடி ஆரம்பித்தார். ஜோடியாகத்தானே கிளம்பும்? இரண்டாவது விமானமும் போனது. மூன்றாம் முறை சொல் முழுசாக விழுந்தது. அடுத்த வாக்கியம் அழியாத நன்றி. அதையும் கடந்துவிட்டார். முழங்காலில் விரல் முட்டி சரியாகத் தட்டியது. நெற்றியில் வேர்வை.

இனி மூன்றாவது. என் பிள்ளை சாகும்போது நான் வர முடியாமல் போனது என் ரம்மாரிகோ. அவ்வளவுதான். அதைச் சொன்னால் மீன்முள் இறங்கிவிடும்.

"ரம்..." என்றார்.

அடுத்த துண்டு வரவில்லை. எதைத் தூக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். தூக்கத்தான் முடியவில்லை. "ரம்..." என்றார் மறுபடி. முகம் கோணிக்கொண்டு போனது. முழங்காலில் கை தட்டாமல் நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டையும் அதுவுமாக ஒரு பெரிய மனிதர், பாடம் மறந்த ஒண்ணாப்புப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. கதவு நிலையில் எவர்சில்வர் டம்ளர் தட்டுகிற சத்தம். மெதுவாக ஒன்று. ஓங்கி ஒன்று. மெதுவாக இரண்டு.

"ரம்-மா-ரி-கோ" என்றாள் கோதை. 'மா' கச்சிதமாக ஏறியிருந்தது.

கந்தசாமி திரும்பினார். வாய் திறந்தபடி இருந்தது.

"நீ... உனக்கு..."

"சுனில் தம்பி வூட்டு பாத்ரூமுக்கும் நம்ம பாத்ரூமுக்கும் காத்துப் போற டக்டு ஒண்ணுதானுங்களே. மேல அத்தனையும் கேக்குது. எனக்கு மனப்பாடமாயிருச்சு. உங்களுக்குத்தான் ஆகலை." டம்ளரை நீட்டினாள். "தண்ணி குடிங்க. ஷூவைத் தொடைக்கறதும் நான்தானுங்களே? நாலு மாசமாப் பார்க்குக்குப் போன ஷூவுல பொட்டு மண்ணு இல்ல."

போனிலிருந்து கிழவி கூப்பிட்டாள்.

"கோதே! சாப்புட்டீங்ளா கண்ணு?"

தமிழில். அதுவும் கோயம்புத்தூர்த் தமிழில். 'டீ'யை மட்டும் இத்தாலிக்காரி மாதிரி தூக்கி இழுத்தாள்.

"சாப்புட்டனுங்க்கா. இன்னிக்கு வடை பாயசம். நீங்க?" என்று கோதை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டாள். கிழவி இத்தாலியில் ஏதோ மளமளவென்று பேசினாள். கோதை தமிழில் மளமளவென்று பேசினாள். ஒருத்தி பேசி முடிக்கும் வரை மற்றவள் தலையை ஆட்டினாள். யாரும் எதையும் துண்டு போடவில்லை.

"எப்ப இருந்து இது?" என்றார் கந்தசாமி.

"போன தீபாவளிக்கு முந்தி கேஸ் தீந்து போச்சுங்க. நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்க போன்ல கேஸ் ஏஜென்சின்னு இருந்துச்சு. போட்டேன். சிலிண்டர் அனுப்புங்கன்னேன். அந்தப் பக்கம் ஒரு கெழவி, மாதவ், மாதவ்னு அழுவுது." கோதை புடவை முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். "நம்பரை என் போன்ல ஏத்திக்கிட்டேன். அன்னிக்குச் சிலிண்டர் வரலை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அழுவீங்கன்னு சொல்லலை."

கந்தசாமி வைத்திருந்த காரணமும் அதுதான். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"அவ சொல்றது உனக்கு என்ன புரியுது?"

"சொல்றது ஒண்ணும் புரியலீங்க. அந்த நெஸ்போலோ மரத்தைக் காட்டினாங்க. மஞ்சளா, சின்ன மாங்காயாட்டம் பழம். உம்பையன் ரூம் சன்னல்ல இருந்தே கையை நீட்டிப் பறிச்சுத் தின்னுருவான்னு பண்ணிக் காட்டினாங்க. கொட்டையைக் கீழ துப்புவானாம். நம்ம வூட்டுலயும் சீத்தாப்பழக் கொட்டையை அப்புடித்தான் துப்புவான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம் ஆஸ்பத்திரி. அது எப்புடீன்னு நான் கேட்டேன்."

"எப்படிக் கேட்ட?"

"அம்மாவுக்குக் கேக்கத் தெரியாதுங்களா?"

கிழவி புரிந்துகொண்டாள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரிந்ததோ. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்துக்குக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு ஒரு கையை எடுத்து, இல்லாத ஒரு தலையைக் கோதினாள். மெதுவாக, ரொம்ப நேரம்.

"தூக்கத்துலயே போயிட்டான்" என்றாள் கோதை. "வலிக்கலை. தலையைக் கோதிக்கிட்டே இருந்திருக்காங்க. அதுக்கு இட்டாலியில என்ன சொல்லுன்னு எனக்குத் தெரியாதுங்க."

கந்தசாமி அழுதார். சத்தமாக அழுதார். மூன்றாவது விமானம் போனது. அதற்கு மேலேயும் கேட்டது.

கிழவி பதறிப்போய் ஏதோ கேட்டாள்.

"உடுங்க்கா, அழுவட்டும்" என்றாள் கோதை.

"உடு" என்று கிழவியும் ஒத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு, "கோதே, ரம்மாரிகோ?" என்று புருவத்தைத் தூக்கினாள். அப்புறம் கையைத் தாடைக்குக் கீழே வைத்து நீளமாய்த் தாடி உருவிக் காட்டினாள். தாடி வைத்த தாத்தாக்கள் காலத்துப் பேச்சு என்று அர்த்தம். காட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் அவள் அழுதுகொண்டிருப்பதே கந்தசாமிக்குத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரும் சிரித்தார். ஹா ஹா என்று, கையைத் தூக்காமல், நாக்கை நீட்டாமல். நெஞ்சு விரிகிற மாதிரி கூட இருந்தது.

"கிராத்ஸியே" என்றார் கிழவியிடம். காய்காரனுக்குச் சொல்கிற நன்றி. கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடு கண்ணு" என்றாள்.

இனி மூன்று பேராகப் பேசலாம் என்று கந்தசாமி நினைத்தார். நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். தொண்டையைச் செருமினார். அடுத்த வாக்கியத்தைத் துண்டு போட ஆரம்பித்தார்.

கோதை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏனுங்க, நாளைக்கும் மறக்காமச் சிரிப்புச் சங்கத்துக்குக் கெளம்பிருங்க. எங்களுக்குப் பேசறதுக்கு இருக்குது."